ஒற்றைக் கைக்கு ஒரு ஸ்கீ

நெட்டி ரெபால்கினுக்கு எதன் விளிம்பைக் கண்டாலும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாக வேண்டும். ரொட்டிக் கத்தி, மண்வாரி, கடையில் விற்பனைக்குத் தொங்கும் கோடாரி, எதுவானாலும் சரி. ஆற்றோரத்து மர ஆலையில் ரம்பங்களுக்குக் கூர் போடும் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். நீளமான ரம்பத் தகட்டை மேசையில் கிடத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே எந்த இடத்தில் நெளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆலையின் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்பதால் நாளடைவில் அவளுக்குப் பேச்சும் குறைந்துபோயிற்று. வீட்டில் அந்தக் குறையை அவள் கணவன் ஹார்வி ஈடுகட்டிவிடுவான். அவன் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்து சேர்த்துவைத்த பேச்செல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டும்.

ஐம்பது தாண்டிய பிறகு நெட்டியைப் பிடித்த பைத்தியம் பனி பைக். கோடையில் மண்பாதையில் ஓடுகிற அதே மோட்டார் பைக்தான். பனி விழுந்ததும் இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, பின்னால் பல் வைத்த ரப்பர் பட்டையும் முன்னால் ஸ்கீ என்கிற ஒற்றைச் சறுக்குப் பலகையும் மாட்டினால் அது மலையேறும். மாட்டுவதற்கு வேண்டிய கிட் பெட்டியாக வந்துவிடும். ஆனால் பெட்டியோடு வருகிற ஸ்கீ யாருக்கும் முழுசாகப் பிடிப்பதில்லை. அவர்கள் இருக்கும் ஸ்லோகன் பள்ளத்தாக்கில் பனி பைக்காரர்கள் இருவர் சந்தித்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து ஸ்கீயைப் பார்ப்பார்கள். அகலமான ஸ்கீ புதுப்பனியில் மிதக்கும். இறுகிய பாதைக்கு வந்தால் மோப்பம் பிடிக்கும் நாய்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும். ஒடுக்கமான ஸ்கீ இறுகிய பாதையில் சொன்னபடி கேட்கும். ஆழப்பனியில் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றுவிடும். ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் வரப்புபோல ஒரு மேடு ஓடும். பனியைக் கவ்வுவது அந்த வரப்புதான். அது எவ்வளவு ஆழம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் ஓட்டுகிறவரின் நிம்மதி இருக்கிறது.

நெட்டி தன் வீட்டுக் கொட்டகையில் இழைப்புளியும் அரமும் வைத்துக்கொண்டு இந்த வரப்புகளைச் சீவத் தொடங்கினாள். முதலில் தன்னுடையதை. பிறகு ஹார்வியின் நண்பர்களுடையதை. கொஞ்ச காலத்தில் பள்ளத்தாக்கின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் ஸ்கீயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்கீ விஷயத்தில் நெட்டி ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்றாகிவிட்டது.

மோரிஸ் செர்னோஃப் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிறகு அவள் வேலை பார்க்கும் அதே ஆலைக்கு மரம் ஏற்றிவரும் லாரி ஓட்டினான். ஒரு மழைக்காலத்தில், மரங்களைக் கட்டியிருந்த சங்கிலியை அவன் இறுக்கிக்கொண்டிருந்தபோது நெம்புகோல் எகிறி அவன் வலது தோளில் அடித்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. வலது கை தோளிலிருந்து துணிபோலத் தொங்கிற்று. அதை ஜாக்கெட் பைக்குள் செருகிக்கொண்டு நடப்பான். தெரியாதவர்கள் பார்த்தால் ஏதோ ஒய்யாரமாக நிற்கிறான் என்று நினைப்பார்கள்.

விபத்துக்குப் பிந்தைய இரண்டாவது குளிர்காலம். ஊர்ப் பொதுக்கூடத்தின் சமையலறையில் பெண்கள் மறுநாள் நடக்கவிருந்த ஓர் இறுதிச் சடங்குக்காகப் பிரஹி செய்துகொண்டிருந்தார்கள். மாவுக்குள் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் வைத்து ஓரத்தைக் கிள்ளி மூட வேண்டும். நெட்டியின் பக்கத்தில் மோரிஸின் மனைவி லொரெட்டா உட்கார்ந்திருந்தாள். ட்ரெய்ல் ஊர் இத்தாலியக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் இந்த ஊர்ப் பெண்களைவிட வேகமாகப் பிரஹி கிள்ளப் பழகியிருந்தாள்.

"இந்த வாரம் அவன் உன்கிட்ட வருவான்டி" என்றாள் லொரெட்டா, தலையைத் தூக்காமல்.

"யாரு, மோரிஸா? எதுக்கு?"

"மறுபடி பைக் ஓட்டணுமாம். ஆக்ஸிலேட்டரை இடது கட்டைவிரலுக்கு மாத்தியாச்சு. கிளட்ச் தானா வேலை செய்யற மாதிரி எதையோ வாங்கிப் போட்டாச்சு. இனி ஸ்கீ ஒண்ணுதான் பாக்கி, அதை நெட்டி பாத்துக்குவான்னு வீடு முழுக்கச் சொல்லிட்டுத் திரியறான்."

"ம்."

"முடியாதுன்னு சொல்லிடு."

நெட்டி கிள்ளுவதை நிறுத்தினாள். "பார்க்காம எப்படிச் சொல்றது?"

"பார்க்காம சொல்லுன்னுதான் கேக்கறேன். நான் சொன்னா கத்துவான். டாக்டர் சொன்னா சிரிப்பான். நீ சொன்னா விட்டுடுவான்." லொரெட்டா மாவுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவன் சட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி எடுத்தாங்க. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகலைடி. இன்னொரு சட்டையை வெட்ட நான் குடுக்கமாட்டேன்."

நெட்டி பதில் சொல்லவில்லை. லொரெட்டா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நெட்டியும் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மோரிஸ் சனிக்கிழமை வந்தான். பிக்கப்பின் பின்னால் பைக் இருந்தது. நெட்டி அதை இறக்கச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"சரிப்படாது மோரிஸ்."

"எது?"

"ஒத்தக் கை. ஸ்கீ ஒரு தடத்துல இடிச்சாப் போதும், ஹேண்டில்பார் வெடுக்குனு திரும்பும். அடக்கறதுக்கு அந்தப் பக்கம் கை வேணும். எந்த ஸ்கீ போட்டாலும் இதான் கதை."

மோரிஸ் கோப்பையை மேசையில் வைத்தான். வாதாடுவான் என்று நெட்டி பல நாளாக மனசுக்குள் பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தாள். அவன் வாதாடவே இல்லை.

"அப்படியா? சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பிறகு ஹார்வியிடம் கணவாயில் பனி எப்படி என்று கேட்டான். மீதித் தேநீரைக் குடித்தான். போகும்போது இடது கையை ஆட்டிவிட்டுப் போனான்.

பிக்கப் வளைவைத் தாண்டியதும் ஹார்வி கேட்டான். "நீ எப்போ ஒத்தக் கையால ஓட்டிப் பார்த்தே?"

"பார்க்கலை."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா அதுக்கு என்ன பேரு?"

"லொரெட்டா கேட்டுக்கிட்டா."

"அதுக்கு வேற பேரு இருக்கா?"

நெட்டி எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனாள்.

மோரிஸ் அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஆலையில் ஒரு ரம்பத்தைச் சரியென்று அவள் அனுப்பிவிட்டால் அதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. பார்க்காமல் ஒன்றைக்கூட அவள் அனுப்பியதில்லை. இந்த ஒன்றை அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பனிமேல் ஸ்கூட்டர்போல ஓடும் பழைய பனி வண்டி ஒன்றிலிருந்து கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரைக் கழற்றித் தன் பைக்கின் இடதுபக்கம் மாட்டினாள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஹார்வியைக் கூப்பிட்டு, தன் வலது கையை ஜாக்கெட்டுக்குள் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டச் சொன்னாள்.

"பொய்யை உண்மையாக்கப் போறியா?" என்றான் ஹார்வி, கட்டிக்கொண்டே.

"பொய்யா இல்லையான்னு பாக்கப் போறேன். இறுக்கிக் கட்டு."

அன்று போட்டிருந்தது கிட்டோடு வந்த அகல ஸ்கீ. புதுப்பனியில் கொஞ்ச தூரம் போனாள். முந்தின நாள் யாரோ ஓட்டிச் சென்ற தடத்தில் ஸ்கீயின் ஓரம் ஏறியது. பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்ப, நெட்டி பனியில் முகம் குப்புறப் போய் விழுந்தாள். எழுந்தாள், ஏறினாள், மறுபடி விழுந்தாள். வாய்க்குள் போன பனியைத் துப்பிக்கொண்டே, "பொய் இல்லை, பாத்தியா?" என்றாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. திங்கட்கிழமை ஆலையில் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தான் சொன்னது 'எந்த ஸ்கீ போட்டாலும்' என்பது நினைவுக்கு வந்தது. பார்த்தது ஒரு ஸ்கீயைத்தான்.

அதன்பிறகு அது மோரிஸ் பற்றியதாகவோ லொரெட்டா பற்றியதாகவோ இல்லை. கணக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. ஒடுக்கமான ஸ்கீ ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தாள். அகல ஸ்கீபோல அது அலையவில்லை. ஆனால் அதன் வரப்பு ஆழம். பழைய தடம் ஒன்றில் இறங்கிவிட்டால் தண்டவாளத்தில் ஏறிய மாதிரிதான், வெளியே வரும்போது மணிக்கட்டை முறிக்கப் பார்த்தது. வரப்பை முழுக்கச் சீவி மட்டமாக்கினாள். இப்போது உதறல் இல்லை, பிடிப்பும் இல்லை. சரிவில் குறுக்கே போனால் சோப்புக் கட்டிபோல வழுக்கிற்று.

அந்தப் பிளாஸ்டிக்கில் சீவியதை மறுபடி ஒட்டவைக்க எந்தப் பசையும் கிடையாது. ஒரு தப்பு செய்தால் ஒரு ஸ்கீ போயிற்று. ஹார்வி பனி தள்ளப் போகிற ஊர்களில் எல்லாம் கொட்டகைகளில் கிடந்த பழைய ஸ்கீக்களைக் கேட்டு வாங்கிவந்தான். "என் பொண்டாட்டி பிளாஸ்டிக் தின்னுறா, இருந்தாக் குடுங்க" என்று கேட்பானாம். கொட்டகைத் தரையில் வெள்ளைச் சுருள்கள் தேங்காய்ப்பூ மாதிரி குவிந்தன.

விடை ஆலையில்தான் கிடைத்தது, அதுவும் தப்பாக வந்த ஒரு வேலையில். ஒரு ரம்பத் தகட்டின் பற்கள் ஒரு பக்கம் சற்றுத் தூக்கலாக இருந்ததால் மரத்தில் ஓடும்போது அந்தப் பக்கமாகவே இழுக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். எந்த இடத்தில் கவ்வுகிறதோ அங்கிருந்துதான் இழுப்பு வரும் என்பது அவளுக்குப் பழைய செய்தி. ஸ்கீயில் அதை யோசித்ததில்லை. ஸ்கீயைப் பைக்கோடு பிணைக்கிற போல்ட்டுக்கு முன்னால் வரப்பு கவ்வினால் தடம் ஸ்கீயைத் திருப்பும். போல்ட்டுக்குப் பின்னால் மட்டும் கவ்வினால், கயிற்றில் கட்டி இழுக்கும் பலகைபோல ஸ்கீ தானாகவே நேராகும். வரப்பின் முன்பாதியைச் சீவ வேண்டும், பின்பாதியைத் தொடக்கூடாது. சொல்லப்போனால் இவ்வளவுதான். எவ்வளவு சீவுவது என்பதற்குப் பிப்ரவரி முழுக்கப் போயிற்று.

அந்த நாட்களில் ஒருமுறை முன்பக்கத்தைக் கூடுதலாகச் சீவிவிட்டாள். மரங்களுக்கு மேலே ஒரு சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது ஸ்கீயின் மூக்கு கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டு போய், அவளையும் பைக்கையும் சேர்த்து ஆல்டர் புதருக்குள் தள்ளிற்று. பைக் அவள் காலின்மேல் கிடந்தது. இடது கை அவளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வலது கை ஜாக்கெட்டுக்குள் கட்டப்பட்டிருந்தது. உடம்பை நெளித்து, பட்டைக்குள்ளிருந்து வலது கையை உருவ முயன்றாள். பனி கழுத்துக்குள் இறங்கி உருகியது. கடைசியில் விரல்கள் வெளியே வந்தன, பிறகு முழுக் கையும் வந்தது. அதைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.

எழுந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மோரிஸுக்கு உருவி எடுக்க இன்னொரு கை இல்லை. லொரெட்டா அந்தச் சமையலறையில் பயந்தது எதற்கென்று, தன் காலின்மேல் பைக் கிடந்த பிறகுதான் நெட்டிக்குத் தெரிந்தது. மேலே சரிவில் ஹார்வி தன் பனி வண்டியை நிறுத்திக் கூப்பிட்டான்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"ஸ்கீ?"

"அதுவும் இருக்கு. கூடச் சீவிட்டேன்."

மார்ச்சில் ஒருநாள், மர லாரிகளுக்காக வெட்டிய பழைய மரப்பாதையிலும், அதற்கு மேலே மரங்களுக்கு நடுவிலும், சரிவின் குறுக்கிலும் கட்டிய கையோடு போய்த் திரும்பினாள். ஒருமுறைகூட விழவில்லை. பைக்கைவிட்டு இறங்கி ஸ்கீயைத் தடவிப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் அவள் சொன்னது தெரியாமல் சொன்னது. இன்றிலிருந்து அது பொய்.

முதலில் லொரெட்டாவிடம் போனாள். லொரெட்டா வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள். மோரிஸ் வீட்டுக்குள் இருந்தான். நெட்டி சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"முடியும் லொரெட்டா. நானே கையைக் கட்டிக்கிட்டு ஓட்டிப் பார்த்துட்டேன். அவன்கிட்ட சொல்லப் போறேன். உனக்கு முதல்ல தெரியணும்னு வந்தேன்."

லொரெட்டா மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். "அன்னைக்குப் பிரஹி செய்யும்போது உன்னை நான் ஒரு வார்த்தை சொல்லத்தான் கேட்டேன். அதைச் சொல்லிட்டு நீ பாட்டுக்கு வீட்ல உக்காந்திருக்கக் கூடாதா? யாருடி உன்னைக் கையைக் கட்டிக்கிட்டு மலை ஏறச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"அப்போ இது மோரிஸுக்காக இல்லை. உன் அரிப்புக்காக."

நெட்டி கொஞ்சம் யோசித்தாள். "பாதி அப்படித்தான்" என்றாள். "ஒண்ணு சொல்றேன். தனியா அவன் போகக்கூடாது. விழுந்தா எழுந்திருக்கறது கஷ்டம். அது எனக்குத் தெரியும் இப்போ."

கதவு திறந்திருந்தது. மோரிஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் மகிழ்ச்சியில் குதிப்பான் என்று நெட்டி எதிர்பார்த்திருந்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது.

"முடியாதுன்னு இவதான் சொல்லச் சொன்னாளா?"

நெட்டி லொரெட்டாவைப் பார்த்தாள்.

"கை போச்சு. அதை நான் ஒத்துக்கிட்டேன். யாரையும் திட்டலை. ஆனா ரெண்டு பேரும் மாவு பிசைஞ்சுக்கிட்டே எனக்கு எது முடியும், எது முடியாதுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க பாரு. ஒரு குளிர்காலம் முழுக்க நான் அதை நம்பிட்டு உக்காந்திருந்தேன் நெட்டி. நீ சொன்னதுனால."

"தெரியும்" என்றாள் நெட்டி.

"உன் ஸ்கீயை நீயே வச்சுக்கோ." அவன் கதவைச் சாத்தினான்.

லொரெட்டா மண்வாரியைப் பிடுங்கி மறுபடி வார ஆரம்பித்தாள். நெட்டியின் பூட்ஸ்மேல் கொஞ்சம் பனி வந்து விழுந்தது. வேண்டுமென்றே தள்ளினாளா தெரியாமல் தள்ளினாளா என்று கேட்கிற நிலையில் நெட்டி இல்லை.

பனி உருகியது. வசந்தம் வந்தது, கோடையில் காட்டுத்தீயின் புகை பள்ளத்தாக்கை மூடியது, பிறகு விலகியது. கூட்டுறவுக் கடையில் மோரிஸை எதிரில் பார்த்தால் அவன் தலையசைப்பான், அதற்குமேல் ஒன்றுமில்லை. லொரெட்டா தலைகூட அசைப்பதில்லை. நெட்டி அந்த ஸ்கீயைக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்தாள், தன் பைக்குக்கு வேறு ஒன்று போட்டுக்கொண்டாள். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டுமா?" என்று ஹார்வி இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் வேண்டாமென்றாள். மோரிஸ் வேண்டாமென்றதை அவன் வீட்டில் கொண்டுபோய் வைப்பது இன்னொரு முடிவெடுப்பாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

நவம்பரில் உச்சிகள் வெளுத்த ஒரு வாரக் கடைசியில் லொரெட்டாவின் பிக்கப் கொட்டகை முன்னால் வந்து நின்றது. பின்னால் மோரிஸின் பைக், கிட் மாட்டிய நிலையில். லொரெட்டா இறங்கி வந்தாள்.

"மாட்டு."

"என்னத்தை?"

"சும்மா இருடி. அந்த ஸ்கீயைத்தான். இவனை வீட்ல வச்சுக்கிட்டு என்னால முடியலை. என் மசாலா டப்பாவெல்லாம் எடுத்து இடது கையால பேர் எழுதி ஒட்டியிருக்கான். எனக்குப் புரியலை, அவனுக்கும் புரியலை. நேத்து காப்பியில சீரகம் போட்டேன்."

"அவன்கிட்ட கேட்டியா? மறுபடி நாம ரெண்டு பேரும் முடிவு பண்ணினா..."

"கேக்கறதுக்கு என்ன, வண்டியிலதான் உக்காந்திருக்கான்."

உண்மைதான். மோரிஸ் முன்னிருக்கையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு கதவைத் திறந்து இறங்கினான்.

"உன்னை நான் மன்னிக்கலை" என்றான் நெட்டியிடம்.

"சரி."

"ஸ்கீயைக் காட்டு."

சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக் கவிழ்த்து, முன்னால் மழுங்கிப் பின்னால் எழும் வரப்பை இடது உள்ளங்கையால் தடவினான். "மூக்குல பிடிப்பே இல்லையே" என்றான். நெட்டி விளக்கத் தொடங்கினாள். ஒரு வருஷத்துப் பேச்சு மொத்தமும் அந்த வரப்பைப் பற்றியே வெளியே வந்தது. லொரெட்டா பிக்கப்பில் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிசம்பரில் மரப்பாதைக்குப் போனார்கள். ஹார்வி பின்னால் பனி வண்டியில் வந்தான். நெட்டிக்குப் பட்டுக்கம்பளத்தில் போவதுபோல ஓடிய ஸ்கீ மோரிஸுக்கு ஓடவில்லை. அவன் அவளைவிடக் கனத்தவன். வேகம் கூட்டும்போதெல்லாம் உடம்பின் பாரம் முழுக்க இடது கையில் தொங்கி, பாரை இடப்பக்கமே இழுத்தது. நெட்டிக்கு அந்த இழுப்பு வந்ததில்லை. கட்டிய கையும் உள்ளே உயிரோடு இருந்து உடம்பைச் சமன் செய்துகொண்டிருந்ததோ என்னவோ. மோரிஸ் இடப்பக்கப் பனிமேட்டில் ஏறி விழுந்தான். மறுபடி அதே மேட்டில் விழுந்தான். ஹார்வி தூக்கிவிட்டான்.

"இந்த மேட்டுக்கு உன் பேரை வச்சிடலாம்" என்றான் ஹார்வி.

"வாயை மூடிக்கிட்டுத் தூக்கு." மோரிஸ் தாடியில் ஒட்டிய பனியைத் தட்டினான். "நெட்டி, நான் இடப்பக்கம் இழுக்கறேன். அதை என்னால மாத்த முடியாது. ஸ்கீயை வலப்பக்கம் இழுக்கச் சொல்லு."

நெட்டி அவனையே பார்த்தாள். ஒருபக்கம் இழுக்கிற ரம்பத்தை நேராக்குவதுதான் அவள் பிழைப்பு. வேண்டுமென்றே கோணலாக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

அகல ஸ்கீக்களில் சிலவற்றுக்கு அடியில் இரண்டு வரப்புகள் இருக்கும். அப்படி ஒன்றை ஹார்வி தேடிப் பிடித்தான். நெட்டி இரண்டின் முன்பாதியையும் சீவினாள். பின்பாதியில் வலது வரப்பைத் தொடவில்லை. இடதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சீவலுக்கும் மோரிஸ் ஓட்டிப் பார்த்தான், திரும்பி வந்து "இன்னும்" என்றான். ஓரங்களை நறுக்கி அகலத்தைக் குறைத்தார்கள். ஒருநாள் அவன் திரும்பி வராமல் பாதையின் வளைவில் மறைந்துபோனான். சத்தம் தேய்ந்தது. நெட்டியும் ஹார்வியும் பார்த்துக்கொண்டார்கள். ஹார்வி பனி வண்டியைக் கிளப்பக் குனிந்தபோது சத்தம் திரும்பி வந்தது. மோரிஸ் பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"இனிச் சீவாதே" என்றான்.

அந்த ஸ்கீயைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோணல் வாய் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். வேறு யார் மாட்டி ஓட்டினாலும் அது வலதுபக்கப் பள்ளத்தில்தான் கொண்டுபோய் விட்டது. மோரிஸுக்கு மட்டும் நேராக ஓடியது. அந்தக் குளிர்காலத்தில் அவன் நெட்டியோடும் ஹார்வியோடும் சேர்ந்து மரங்களுக்கு மேலேயுள்ள வெளிவரைக்கும் போனான். அதற்கு மேல் செங்குத்தில் அவன் ஏறவில்லை, ஏற வேண்டுமென்று கேட்கவும் இல்லை. தனியாகப் போகக்கூடாது என்பது லொரெட்டாவின் நிபந்தனை. முதல் சில வாரம் அவள் பாதை தொடங்கும் இடத்தில் பிக்கப்பிலேயே காத்திருந்தாள். அப்புறம் ஃப்ளாஸ்க்கில் காப்பியை மட்டும் கொடுத்தனுப்பினாள். நெட்டியோடு அவள் பேசியது கணக்குப் பேச்சுதான். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், கையுறை காய்ந்ததா என்பதோடு சரி.

மலையில் எங்கும் அடிபடாத மோரிஸ், மார்ச் கடைசியில் பைக்கைப் பிக்கப்பில் ஏற்றும்போது பலகையில் வழுக்கி விழுந்து இருந்த ஒரு மணிக்கட்டையும் சுளுக்கிக்கொண்டான். கட்டுப் போட்டார்கள். இப்போது அவனுக்கு ஒரு கையும் இல்லை.

மூன்றாம் நாள் நெட்டிக்கு லொரெட்டாவிடமிருந்து போன் வந்தது. அவள் தன் பேரைக்கூடச் சொல்லவில்லை.

"நீ செஞ்ச ஸ்கீதானே? நீயே வந்து ஊட்டு. எனக்கு இன்னைக்கு ட்ரெய்ல்ல அக்கா வீட்டுக்குப் போகணும்."

நெட்டி போனாள். லொரெட்டா கோட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அடுப்பில் முட்டைக்கோசு போட்ட போர்ஷ் சூப் வெண்ணெய் மிதக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. "ஆறவச்சுக் குடு. நாக்கைச் சுட்டுக்கிட்டா அதுக்கும் என்னைத்தான் திட்டுவான்" என்றாள். பிறகு வாசலில் நின்று, "வியாழக்கிழமை பிரஹி போடறாங்க ஹால்ல. வருவேதானே?" என்றாள். நெட்டி தலையசைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

மோரிஸ் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். நெட்டி கரண்டியை நீட்டினாள். பாதி அவன் தாடியில் வடிந்தது.

"ரம்பம் பிடிக்கற கையால கரண்டியைப் பிடிச்சா இப்படித்தான்" என்றான். "கொஞ்சம் சாய்ச்சுக் குடு. அவ சாய்ச்சுத்தான் குடுப்பா."

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

நெட்டி சாய்த்துக் கொடுத்தாள். இந்தத் தடவை சிந்தவில்லை. அவன் விழுங்கிவிட்டு, முட்டைக்கோசு கொஞ்சம் அதிகமாக அள்ளச் சொன்னான்.